லட்சம் தாண்டாத வண்டி

லட்சத்துக்காரரின் பிக்கப் வண்டி, அவர் மனைவி இறந்த இருபத்து மூன்றாம் நாள் மதியம், ஷெட்டுக்குள் பூட்டி வைத்தபடியே அறுபத்து நான்கு கிலோமீட்டர் ஓடியது. ஒரு மணிக்கு அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது மீட்டரில் எழுபத்தோராயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து, மூன்றரை மணிக்கு வந்து சாவியைத் திருப்பியபோது எழுபத்தோராயிரத்து ஐந்நூற்றுப் பதினாறு இருந்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கவே மாட்டார்கள். மீட்டரைப் பார்க்காமல் வண்டியில் ஏறவும் இறங்கவும் தெரியாத மனிதர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் என்பதால் விஷயம் அன்றைக்கே வெளியே வந்தது. ஷெட்டின் பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. பானெட் சூடாக இருந்தது, டீசல் முள் ஒரு கோடு இறங்கியிருந்தது. அவர் வண்டியை எடுக்காமல் பஸ் ஏறி வேலைக்குப் போனார்.

அவரை அந்தப் பெயரில் கூப்பிடுவதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் பெரிய பணக்காரர் என்று நினைத்து நாற்காலியை விட்டு எழுந்து நிற்பதுண்டு. பணத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம், எண்பது தொண்ணூறு பழைய பிக்கப் வண்டிகள் வரிசையாக நிற்கும் யார்டில் முப்பது வருடமாக மதிப்புப் போடுகிறவர் அவர். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஆளுக்கொரு விலையைச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருக்கும்போது, அவர் குனிந்து பெடல் ரப்பரைப் பார்ப்பார், சீட்டின் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்துவார், வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து சேஸிஸை ஸ்பேனரால் தட்டிக் கேட்பார், எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஒரு விலை சொல்வார். அதற்குமேல் பேச்சு கிடையாது. மீட்டரை யார் வேண்டுமானாலும் திருப்பலாம், தேய்ந்த ரப்பரை யாரும் வளர்க்க முடியாது என்பது அவர் கட்சி. டயர் இடுக்கில் ஒட்டிய மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்து, இது செங்கல் சூளை, இது ஆற்று வண்டல் என்று சொல்லிவிடுவார். கடல் பக்கம் ஓடிய வண்டி என்று தெரிந்தால் போதும், உப்பு சேஸிஸைத் தின்றுவிடும் என்று விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடுவார். இவை எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய பெரிய சட்டம் ஒன்று இருந்தது. ஒரு லட்சம் கிலோமீட்டர். தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம் வரை அது வண்டி, லட்சத்தைத் தாண்டினால் இரும்பு. ஒழுங்காக ஆயில் மாற்றினால் அந்த எஞ்சின் மூன்று லட்சம்கூடச் சளைக்காமல் ஓடும் என்று மெக்கானிக் எத்தனையோ தடவை மல்லுக்கு நின்றிருக்கிறார். "ஓடும்யா, யாரு இல்லைன்னா? வாங்கறவன் மனசு ஓடாது" என்பார் லட்சத்துக்காரர். வியாபாரத்தில் அவர் சொன்னதுதான் நடந்தது, லட்சம் தாண்டிய வண்டிகள் யார்டின் கடைசி வரிசையில் மழையிலும் வெயிலிலும் வருடக்கணக்கில் நின்றன.

இப்படிப்பட்டவர் தனக்கென்று ஒரு வண்டி வாங்கினால் எப்படி வைத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், வாழ்க்கையில் ஒரே தடவையாக, கம்பெனியிலிருந்து புதிதாக வந்த பிக்கப் ஒன்றை எடுத்தார். எடுக்கும்போதே விற்கும் நாளை நினைத்துத்தான் எடுத்தார். மனைவிக்கு நீலம் பிடித்திருந்தது. வெள்ளைக்குத்தான் கேட்கிற ஆள் அதிகம் என்று வெள்ளை எடுத்தார். ஷோரூமிலிருந்து வீடு ஒன்பது கிலோமீட்டர். பக்கத்து சீட்டில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதாவது உடைந்துவிடுமோ என்பதுபோல விறைப்பாக உட்கார்ந்து வந்தாள். சீட்டுகளில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. "முதுகுல ஒட்டுதுங்க. இதை எப்பக் கழட்டுவீங்க?" என்று கேட்டாள். "கழட்டறதா? அது இருக்கிற வரைக்கும்தான் வண்டி புதுசு" என்றார். டிரைவர் சீட்டின் உறை ஏறி இறங்கிக் கிழிந்து, அவர் மூன்று தடவை புதிதாக வாங்கிப் போட்டார். பக்கத்து சீட்டின் உறை மட்டும் கம்பெனியில் போட்டது போட்டபடி பளபளத்தது. அந்த ஒன்பது கிலோமீட்டருக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது தூசி துடைக்க மட்டும்தான்.

மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். காலை ஐந்து மணியிலிருந்து ஒரு மணிவரை, ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் போட்டால் நிறைந்துவிடுகிற கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த மேடையிலிருந்து எந்த வண்டி எந்த ஊர்களின் வழியாகப் போகிறது என்று மைக்கில் சொல்வாள். இருபத்தாறு வருடத்தில் ஓர் ஊரின் பெயரைக்கூட அவள் அவசரமாகச் சொன்னதில்லை. ஒவ்வொரு பெயரையும் கொஞ்சம் நிறுத்தி, போய்ப் பார்த்துவிட்டு வந்தவள்போலச் சொல்வாள். உண்மையில் அவள் எங்கேயும் போனதில்லை. போகாத ஊருக்கு வழி சொல்வதற்குத் தனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். ஒரு மணிக்கு வேலை முடிந்து வந்து, கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது, மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை, அவள் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி அங்கே போகலாமா என்று கேட்பாள். அவர் யோசிக்கவே மாட்டார். கேட்ட மாத்திரத்தில் தூரம் வாயில் வந்துவிடும். அக்கா வீட்டுக்கு ஓர் எட்டுப் போய்விட்டு வரலாமா என்று முதன்முதலாகக் கேட்டபோது, "முப்பத்திரண்டும் முப்பத்திரண்டும் அறுபத்து நாலு" என்றார். அருவி நூற்றுப் பதினெட்டு. மலை மேலே இருக்கிற ஏரி இருநூற்று ஆறு. எண்ணைச் சொல்லிவிட்டால் பதில் சொன்ன மாதிரி, அடுத்த கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். ஒரு தடவை மட்டும் மனசு கேட்காமல், "பஸ்ல போயிட்டு வாயேன், உனக்குத்தான் பாஸ் இருக்கே" என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, "பஸ்ல போறதுன்னா நான் எப்பவோ போயிருப்பேன். உங்ககூட முன்னாடி உக்காந்து போகணும்" என்றாள். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று சொல்கிறாள்போலும் என்று அவர் எடுத்துக்கொண்டார். மனிதர்களை மதிப்புப் போடுவதில் அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.

கடைசியாக அவள் கேட்டது கடல். அவள் அறிவித்த வண்டிகளிலேயே அதிக தூரம் போகிற வண்டி அதுதான், காலை ஏழே காலுக்கு, ஆறாம் நம்பர் மேடை, ஐந்நூற்று எழுபது கிலோமீட்டர், பத்தொன்பது ஊர்களின் பெயரைச் சொல்லி முடித்தால் கடைசியில் கடல் இருக்கும். அவர் கரண்டியைக் கீழே வைத்தேவிட்டார். "ஆயிரத்து நூத்தி நாப்பது! அதுவும் உப்புத் தண்ணிக்குப் பக்கத்துல!" என்றார். பிறகு அவளைச் சமாதானப்படுத்துவதற்காக, வண்டியை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பணத்தில் விமானத்திலேயே போய்வரலாம் என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். அதற்கப்புறம் அவள் எந்த ஊரையும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டுவிட்டாளே என்று அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால்தான் பிற்பாடு அவருக்குச் சோறு இறங்காமல் போயிற்று. நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் அவளுக்கு மூச்சுத் திணறியது. அவர் ஓடிப்போய் ஷெட்டைத் திறந்தார். ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர்தான், அதற்கெல்லாம் கணக்குப் பார்க்கிற மனிதரில்லை அவர். அவள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, "வேணாங்க, மீட்டர் ஏறிடும். ஆட்டோ சொல்லுங்க" என்றாள். குத்திக்காட்டினாளா, கிண்டல் செய்தாளா, இல்லை நிஜமாகவே அவருக்காகத்தான் சொன்னாளா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அவர்களுக்குள் சண்டை போட நேரமில்லை, ஆட்டோவில்தான் போனார்கள். மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள்.

ஷெட்டுக்குள் நின்ற வண்டி ஓடியதற்கு அவர் முதலில் திருடனைத்தான் சந்தேகப்பட்டார். பூட்டை மாற்றினார். நான்கு சக்கரத்தைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போட்டுவைத்தார். கோடு அழியவில்லை, மீட்டர் நூற்றுப் பதினெட்டு ஏறியிருந்தது. பாட்டரி வயரைக் கழற்றிவைத்தார், அன்றைக்கு இருநூற்று ஆறு. கடைசியில் மெக்கானிக்கை அழைத்து, வண்டியைக் கட்டைமேல் ஏற்றி, நான்கு சக்கரத்தையும் கழற்றிக் கூடத்துக்குள் கொண்டுவந்து அடுக்கி, அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். எழுந்து பார்த்தபோது நாற்பத்தெட்டு ஏறியிருந்தது, கூடத்தில் அடுக்கியிருந்த டயர்களின் இடுக்கில் ஈரமான செம்மண் ஒட்டியிருந்தது. தரையெல்லாம் செம்மண் தண்ணீர். மெக்கானிக் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், ஆயில் குச்சியை எடுத்து மூக்கருகே பிடித்தார். "யாரு ஓட்டினா என்னண்ணே, ஆயில் கருத்துப் போச்சு. மாத்தணும்" என்றார். அன்றிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து ஆயில் மாற்றிக் கொடுத்தார். லட்சத்துக்காரர் வேலைக்குப் பஸ்ஸில் போய் வந்தார், வரும்போது வண்டிக்கு டீசலைக் கேனில் வாங்கி வந்தார்.

யார்டில் இது இரண்டு நாள் பேச்சாக இருந்தது. மீட்டரைப் பின்னால் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், முன்னால் திருப்புகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். மூன்றாம் நாள் டயர் விலை ஏறியதால் எல்லோரும் அதைப் பேசப் போய்விட்டார்கள். விடாமல் பேசியவர் நர்சரிக்காரர் ஒருவர்தான். செடி வியாபாரி, ஊரெங்கும் பூந்தொட்டிகளை ஏற்றி இறக்குகிறவர், ஐந்து வருடமாக அந்த வெள்ளை வண்டியின்மேல் கண் வைத்திருந்தவர். லட்சத்துக்காரரின் கைப்பட்ட வண்டி என்றால் கல்யாணத்துக்குப் போகாத பட்டுப்புடவை மாதிரி என்பார். பேசி முடித்து, அட்வான்ஸ் கொடுக்க நாள் மட்டும் பாக்கியிருந்தது. இப்போது வாரத்துக்கு ஒரு தடவை வந்து மீட்டரை எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, விலையைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போனார். ஓடாத வண்டிக்கு எதற்கு விலை இறக்க வேண்டும் என்று லட்சத்துக்காரர் கேட்கவில்லை. வாங்குகிறவன் மனசு எண்ணைத்தான் பார்க்கும் என்று முப்பது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிவந்தவர் அவர்.

அவருக்கு விஷயம் விளங்கியது ஒரு மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. முந்தின நாள் வண்டி முந்நூற்றுத் தொண்ணூறு ஓடியிருந்தது. எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தபடி, டம்ளரிலிருந்து சிந்திய தண்ணீரில் விரலால் சும்மா முந்நூற்றுத் தொண்ணூறு என்று எழுதினார். எழுதிய விரல் அப்படியே நின்றுவிட்டது. இதே மேசையில், இதே மாதிரி தண்ணீரில், இதே எண்ணை அவர் ஏற்கெனவே ஒரு தடவை எழுதிக் காட்டியிருந்தார். ஆற்றின்மேல் கட்டிய பழைய இரும்புப் பாலம், அதில் ரயிலும் பஸ்ஸும் அடுத்தடுத்துப் போகும் என்று கேள்விப்பட்டு அவள் கேட்டது. அதற்கு முன்னால் நாற்பத்தெட்டு, அவளுடன் படித்தவளின் வீட்டுத் தோட்டம். அதற்கு முன்னால் இருநூற்று ஆறு, ஏரி. நூற்றுப் பதினெட்டு, அருவி. எல்லாவற்றுக்கும் முதலில் அறுபத்து நான்கு, அக்கா வீடு. அவர் மறுத்த ஊர்களுக்கு, மறுத்த வரிசையிலேயே, வண்டி போய்வந்துகொண்டிருந்தது. ஊர்களின் பெயர் அவருக்கு மறந்துபோயிருக்கலாம், கிலோமீட்டர் மறக்காது. கையைக்கூடக் கழுவாமல் இடது கையால் ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்துப் பன்னிரண்டு வருட மறுப்புகளையும் எழுதினார். இருநூற்றுப் பதினொன்று வந்தது. கூட்டினார். இருபத்தெட்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தெட்டு. வண்டி தானாக ஓடத் தொடங்குவதற்கு முன்னால் மீட்டரில் இருந்ததோடு அதைச் சேர்த்துப் பார்த்தார். மூன்று தடவை கூட்டியும் ஒரு லட்சம்தான் வந்தது, ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை. அவள் கேட்ட அத்தனை இடத்துக்கும் கூட்டிப் போயிருந்தாலும் வண்டி லட்சத்தைத் தாண்டியிருக்காது. அவர் அன்றைக்கு எச்சில் கையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், கை காய்ந்து சோறு தோலோடு ஒட்டிக்கொண்டது.

மறுநாள் ஒரு மணிக்கு அவர் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். தலைவாரி, சலவைச் சட்டை போட்டு, தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி மூன்றரை மணிவரை இருந்தார். மீட்டர் அசையவில்லை. அடுத்த நாளும் இருந்தார், அன்றும் அசையவில்லை. நான்காம் நாள் பாட்டில் காலியாகி, பொறுக்க முடியாமல் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போய் வந்தார், நூற்றைம்பத்திரண்டு ஓடிவிட்டிருந்தது. அவர் உள்ளே இருந்தால் போகமாட்டாள் என்று தெரிந்தது. அவருக்கு அப்போது வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான், ஏதாவது ஒன்றிலாவது கூடப் போய்விட வேண்டும். தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். பின்னால் சரக்குத் தொட்டியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுத்தார், ஷெட்டுக்கு வெளியே கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் நடக்கவில்லை, வண்டி வெறும் வண்டியாக நின்றது. அவளுடைய பயணங்களைத் தடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்த பிறகு, ஒரு மணியானால் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, தானாகவே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகிக்கொண்டார். அங்கே மின்விசிறியின் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. மூன்றரைக்கு வந்து பார்த்தால் பக்கத்துச் சீட்டின் கண்ணாடி இரண்டு விரல் இறங்கியிருக்கும், உள்ளே ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கும். ஒருநாள் அந்தச் சீட்டின் பிளாஸ்டிக் உறை கழற்றி, நாலாக மடித்து, ஒரு முனையை உள்ளே செருகி, டாஷ்போர்டின்மேல் வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் துணி, காகிதம், பை எதை மடித்தாலும் அவள் அப்படித்தான் முனையைச் செருகுவாள். வண்டி எடுத்த அன்றைக்கு ஒன்பது கிலோமீட்டரும் அவள் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது அது. அவர் அதைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து அலமாரியில் அவள் புடவைகளுக்கு நடுவில் வைத்தார்.

வெளியூரில் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் விடுமுறையில் வந்தபோது வண்டி தொண்ணூற்றிரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அப்பா சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். மதியம் அவர் கதவைச் சாத்திக்கொண்டதையும், மூன்றரைக்குப் போய்ப் பார்த்ததையும், எண்ணைச் சொல்லி அது எந்த ஊர் என்று சொன்னதையும் பார்த்தாள். அவளுக்கு நம்பிக்கையில்லாமல் இல்லை. அவளுக்கு வந்தது கோபம்தான். "எனக்கு எப்பவாவது போன் பண்ணினா அம்மா ஊர் பேரா சொல்லிட்டு இருப்பாங்க. போயிட்டு வந்தாங்கன்னுதான் நான் நெனச்சேன்" என்றாள். பிறகு, "ஒரு தடவை கூடவாப்பா?" என்றாள். விலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்வதற்கு வாய் வரைக்கும் வந்து, அந்த விலை எவ்வளவு என்று அவள் திருப்பிக் கேட்டால் சொல்லவேண்டியிருக்குமே என்று விழுங்கிக்கொண்டார். மகள் ஊருக்குத் திரும்பும் நாளில் ஷெட்டுக்குப் போய், பக்கத்துச் சீட்டில் ஒரு சின்ன தலையணையை முதுகுக்கு வாகாக வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் மதியம் அது இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

பதினான்கு மாதத்தில் காலண்டர் தாளில் ஒன்றே ஒன்று பாக்கியிருந்தது. மீட்டர் தொண்ணூற்றெட்டாயிரத்து எண்ணூற்று அறுபதில் நின்றது, மிச்சம் ஆயிரத்து நூற்று நாற்பது, கடல். அதை அவள் தனியாகப் போகவிடுவதில்லை என்று அவர் முடிவு செய்தார். அன்று மதியத்துக்குக் காத்திருக்கவில்லை. காலை ஏழே காலுக்கு, அவள் அந்த வண்டியை அறிவிக்கிற நேரத்துக்கு, ஷெட்டைத் திறந்து பிக்கப்பை வெளியே எடுத்தார். பதினான்கு மாதம் கழித்து அவர் ஓட்டுவது அன்றுதான். தலையணையை நேராக வைத்தார், பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினார், வழியில் ஆரஞ்சுப் பழம் வாங்கி அந்தச் சீட்டின்மேல் வைத்தார். ஒவ்வோர் ஊராக வர வர, அவள் சொல்கிற மாதிரியே அதன் பெயரைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லிப் பார்த்தார். பத்தொன்பது ஊரில் மூன்றை அவர் வரிசை மாற்றிச் சொல்லியிருந்தார், பலகையைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். நூறு கிலோமீட்டர் போன பிறகுதான் மீட்டரைக் கவனித்தார். அது அசையவில்லை. முந்நூறு போனார், ஐந்நூறு போனார், எண் தொண்ணூற்றெட்டாயிரத்து எண்ணூற்று அறுபதிலேயே இருந்தது. மாலையில் கடல் தெரிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு மணலில் நடந்து போய்த் தண்ணீர் ஓரமாக நின்றார். அலை காலை நனைத்தது. நன்றாகத்தான் இருந்தது. ஒருத்தியைக் கூட்டிவர வேண்டிய இடத்துக்குத் தனியாக வந்து நிற்கிறோம் என்று மட்டும் இருந்தது. அங்கேயே ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால் என்று சொன்னால், அவ்வளவு தூரத்தை அவ்வளவு சீக்கிரம் வரமுடியுமா என்று கேட்பார்கள். மீட்டர் ஓடாத வண்டிக்கு நேரம் மட்டும் எப்படி ஓடும் என்று மெக்கானிக் ஒரு பதில் வைத்திருக்கிறார். அவர் ஷெட்டில் வண்டியை விட்டு, தூக்கக் கலக்கத்தோடு முகம் கழுவ உள்ளே போனார். முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் தான் செய்தது நினைவுக்கு வந்தது. வண்டியை அவர் கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே, உப்புக் காற்று படாமல் ஒரு சுவருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். அதுவும் போதாமல், திரும்பும் வழியில் முதலில் தென்பட்ட சர்வீஸ் நிலையத்தில் இறங்கி, அடியில் படுத்து, தானே பைப்பைப் பிடித்து சேஸிஸை நல்ல தண்ணீரால் இரண்டு தடவை கழுவியிருந்தார். யாரும் சொல்லவில்லை, அவரும் யோசிக்கவில்லை. கையே போய்ச் செய்துவிட்டது. அவளைக் கடலுக்குக் கூட்டிப்போன அன்றைக்கும் அவர் வண்டிக்கு விலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். துண்டைப் போட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினார்.

மீட்டரில் ஒரு லட்சம் இருந்தது. ஒன்றுக்குப் பின்னால் ஐந்து சைபர், எல்லாம் நேர்க்கோட்டில். டயர்களில் ஈர மணல் அப்பியிருந்தது, அது தண்ணீர் ஓரம்வரைக்கும் போன டயர் என்று எந்த மதிப்புக்காரரும் சொல்லிவிடுவார். அடியில் படுத்துப் பார்த்தால், காலையில் அவர் கழுவிய சேஸிஸில் முன்னிருந்து பின்வரைக்கும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் எழுந்து, பக்கத்துச் சீட்டின் கதவைத் திறந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. ஏறி உட்கார்ந்தார். ரப்பர் விரிப்பில் இரண்டு பாதங்கள் வைக்கிற இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஜன்னலைச் சுற்றி இறக்குகிற கைப்பிடியின் குமிழ் மெருகேறியிருந்தது. சீட்டின் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்தினார், இருபத்தெட்டாயிரம் சொச்சம் என்று விரல் சொன்னது. குனிந்து டிரைவர் பக்கத்தைப் பார்த்தார். பெடல் ரப்பர் எழுபத்தோராயிரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, அவர் காலைத் தவிர வேறொரு கால் அதன்மேல் பட்ட தடம் இல்லை. டிரைவர் சீட்டின் உறையில் அவர் உட்கார்ந்த சுருக்கம் தவிர வேறு சுருக்கம் விழவில்லை. அருவிக்கும் ஏரிக்கும் பாலத்துக்கும் கடலுக்கும் அவள் காலியான ஒரு சீட்டின் பக்கத்தில் உட்கார்ந்துதான் போய் வந்திருக்கிறாள். முப்பது வருடத்தில் எத்தனையோ வண்டிகளின் தேய்மானத்தைப் படித்தவர், இதைப் படித்துவிட்டு அங்கேயே தலையணையில் முகத்தை வைத்து அழுதார்.

அதற்குப் பிறகு வண்டி ஷெட்டில் ஓடவில்லை. வெளியே எடுத்து ஓட்டினாலும் மீட்டர் நகர்வதில்லை. யார்டு முதலாளி அதை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, உருப்படியான வண்டிதான், எண் மட்டும் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். மெக்கானிக் எதை வைத்து ஆயில் மாற்றுவது என்று தெரியாமல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து மாற்றுகிறார். சேஸிஸை லட்சத்துக்காரர் கழுவவில்லை. முதல் மழைக்காலத்தில் வெள்ளை பழுப்பாகி, இரண்டாம் மழைக்காலத்தில் பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கியது, அவர் ஷெட்டைப் பெருக்கும்போது அந்தத் துரு உதிர்ந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்குகிறார். அவரே மதிப்புப் போட்டால் இன்றைக்கு அது பழைய இரும்பு விலைகூடப் போகாது. மகள் விடுமுறையில் வரும்போது அவளைப் பக்கத்துச் சீட்டில் உட்காரச் சொல்லி அவள் கேட்கிற இடத்துக்கெல்லாம் கூட்டிப் போகிறார். எவ்வளவு தூரம் என்று அவர் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நர்சரிக்காரர் மட்டும் கடைசியாக ஒரு தடவை வந்தார். வேறு வண்டி வாங்கிவிட்டார், இருந்தாலும் மனசு ஆறவில்லை. அடியில் குனிந்து துருவைப் பார்த்து உச்சுக்கொட்டினார், மீட்டரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, ஒரு லட்சம்! இதுல நீங்க ஓட்டினது எவ்வளவு?"

"எழுபத்தோராயிரத்து நானூத்தி அம்பத்திரண்டு."

"அதுல அண்ணிகூடப் போனது?"

லட்சத்துக்காரர் துணியால் பக்கத்துக் கதவின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யோசிக்கவேண்டிய அவசியம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை.

"ஒன்பது" என்றார்.